முத்துச்செல்வி வளர்த்த இரை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகம் வரும். முத்துச்செல்வி அங்கே இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ‘ஹெல்பர்’ என்றுதான் இருக்கும். ஆனால் அங்கே பிறக்கிற லட்சக்கணக்கான குஞ்சுகளுக்கும் சாப்பாடு அவள் கையால்தான்.

இறால் குஞ்சு உயிருள்ளதைத்தான் விரும்பித் தின்னும். அதுவும் அதன் வாய்க்குள் போகிற அளவில் இருக்க வேண்டும். முதலில் பாசித் தண்ணீர். சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பூச்சி. அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, அடியிலிருந்து காற்று விட்டு, மேலே விளக்கை எரியவிட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த கையோடு வலைத்துணியில் வடித்துக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பூச்சி பெரிதாகிவிடும், குஞ்சால் விழுங்க முடியாது. பசித்த குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பிக்கும். முத்துச்செல்வி தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுவாள். படித்துவிட்டு வரும் டெக்னீஷியன்கள் முதல் மாதம் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், இரண்டாவது மாதம் அவளிடமே வந்து கேட்பார்கள்.

வீடு முத்தையாபுரத்தில். கணவன் செந்தில்முருகன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். ஒரே மகள் பொன்செல்வி நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். முத்துச்செல்விக்குப் புழுவிலோ பூச்சியிலோ அருவருப்பு கிடையாது. பல்லிதான் ஆகாது. சமையலறையில் ஒரு பல்லி தெரிந்தால், புருஷன் வந்து விரட்டுகிற வரைக்கும் அடுப்புப் பக்கம் போக மாட்டாள்.

அதனால்தான் மீன்தொட்டிக் கடை ஜெயகணேஷ் போன் செய்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடையில் மீன்குஞ்சு சாகும்போதெல்லாம் அவளிடம் யோசனை கேட்கிறவர் அவர்.

“யக்கா, காயல்பட்டினத்துல ஒரு பொண்ணு ஓணான் வளக்கு. அது ஒண்ணும் திங்க மாட்டேங்காம். ஒங்க நம்பரக் குடுத்துட்டேன்.”

“ஓணானா? அதுக்கு வேற ஆளே கெடைக்கலியா அண்ணாச்சி?”

“வெளிநாட்டு ஓணான்க்கா. பியர்டட் டிராகன்னு பேரு. உயிரோட இருக்க பூச்சிதான் திங்குமாம். உயிருள்ள தீனின்னா ஒங்கள விட்டா எனக்கு யாரத் தெரியும்?”

பொரிப்பகத்தில் அப்போது ஒரு சுற்று முடிந்து தொட்டிகளைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். பத்து நாள் ஓய்வு. மறுநாள் காலை முத்துச்செல்வி காயல்பட்டினம் பஸ் ஏறினாள்.

ஸஹ்லாவுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். உம்மா ருகையாவோடு இருந்தாள். அவள் கணவன் ஹம்தானுக்குத் தோஹாவில் வேலை. விடுமுறையில் வந்தவன் சென்னையில் ஒரு பண்ணையில் அந்த ஓணானை முறையான காகிதங்களோடு வாங்கியிருந்தான். கண்ணாடிப் பெட்டி, சூடு விளக்கு எல்லாம் அமைத்து முடித்த நேரத்தில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

“மச்சான் என்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போய்ட்டாஹ. தெனம் வீடியோ கால்ல மொதல்ல இவனத்தான் கேப்பாஹ. எனக்கு என்ன சொல்லன்னே தெரியலக்கா.” ஸஹ்லா கலங்கிப் போயிருந்தாள்.

பெட்டிக்குள் விளக்கின் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தது அது. தாடையைச் சுற்றிச் சின்னச் சின்ன முட்கள். சுட்ட ரொட்டி நிறம். அதனால்தான் ரஸ்க் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறந்து இரண்டு மாதம். முத்துச்செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றாள்.

“கடிக்குமா?”

“இல்லக்கா. பச்சப்புள்ள மாதிரி.”

“சரி. என்ன குடுக்கிய?”

ஸஹ்லா ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். தவிட்டுக்குள் மஞ்சள் நிறத்தில் மாவுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஆன்லைனில் வாங்கியது. ஒரு நாளைக்கு முப்பது வரை தின்று வந்தவன் நான்கு நாளாக ஒன்றையும் தொடவில்லை.

முத்துச்செல்வி ஒரு புழுவை எடுத்து இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். நறுக்கென்று உடைந்தது.

“தோலப் பாருங்க, ஓடு மாதிரி இருக்கு. பெரிய உருப்படின்னா செரிச்சிரும். இது பிஞ்சுல்லா? வெளிக்குப் போனானா?”

“நாலு நாளா போகல.”

“அப்போ என்னையக் கூப்பிட்டு ஒண்ணும் ஆகாது. மொதல்ல டாக்டரப் பாக்கணும். இன்னைக்கே கெளம்புங்க, நானும் வாரேன்.”

ஒரு கார் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனார்கள். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குடலில் புழுத் தோல் அடைத்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலையும் மாலையும் கால் மணி நேரம் உட்கார வைத்து வயிற்றை மெதுவாக நீவிவிடச் சொன்னார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். இந்த வயதில் பூச்சிதான் பிரதானம், கீரை கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. எந்தப் பூச்சியும் ஓணானின் இரண்டு கண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. பூச்சிக்கு முதலில் நல்ல தீனி போட்டுவிட்டு, மேலே சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவிக் கொடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பிடித்த பூச்சி வேண்டாம், எங்காவது பூச்சிமருந்து பட்டிருக்கும்.

முத்துச்செல்விக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. ஆர்ட்டீமியாவுக்கு எண்ணெய்ச் சத்து ஊட்டி, அதை இறால் குஞ்சுக்குக் கொடுப்பதை அவள் எத்தனையோ வருடமாகச் செய்து வந்தாள். இங்கே தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெந்நீர் வைத்தியம் வேறு விதமாக இருந்தது. அன்று மாலை ஸஹ்லா பிடிக்கப் பிடிக்க ரஸ்க் பேசினுக்குள் வழுக்கி வழுக்கி விழுந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முத்துச்செல்வியால் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டாள். உள்ளங்கையில் அதன் வயிறு மெத்தென்று இருந்தது. பல்லியின் வழவழப்பு இல்லை. அவள் கட்டைவிரலை அது நான்கு காலாலும் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை தண்ணீரிலேயே வெளிக்குப் போனது. ஸஹ்லா “அல்ஹம்துலில்லாஹ்” என்று கத்திய சத்தத்தில் ருகையா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

இனி என்ன கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பெங்களூரிலிருந்து கூரியரில் கிரிக்கெட் பூச்சி வரவழைத்தார்கள். நம் ஊர்ச் சுவர்க்கோழியின் இனம்தான். மாசி வெயிலில் நான்கு நாள் பயணம் செய்து, டப்பாவைத் திறக்கும்போது எல்லாம் செத்து நாறியது. கரப்பான் இனம் ஒன்று நல்ல தீனி, மெத்தென்று இருக்கும் என்று ஹம்தான் தோஹாவிலிருந்து சொன்னான். ருகையாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது.

“கரப்பான வெல குடுத்து வாங்கி வூட்டுக்குள்ள வளக்கவா? அது உள்ள வந்தா நான் என் தங்கச்சி வூட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கோ.”

அப்போதுதான் முத்துச்செல்விக்குக் கொற்கையில் இருக்கும் அக்கா வீட்டு வயல் ஞாபகத்துக்கு வந்தது. வரப்புப் புல்லில் பச்சை வெட்டுக்கிளிக் குஞ்சுகள் துள்ளும். டாக்டர் சொன்னது வீட்டைச் சுற்றிப் பிடிப்பதைத்தானே, இது நம்ம அத்தான் வயல்தானே என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் கொற்கைக்குப் போய், வலைத்துணியால் இருபது குஞ்சு பிடித்து, நண்பகலுக்குள் காயல்பட்டினம் வந்து சேர்ந்தாள். ரஸ்க் தலையைத் தூக்கிப் பார்த்தது. நாக்கு வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பாய்ந்து பிடித்துத் தின்றது. ஸஹ்லா அதை வீடியோ எடுத்து தோஹாவுக்கு அனுப்பினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அத்தான் ஆறுமுகநயினாருக்குப் போன் செய்தாள். வயலுக்குப் போனபோது அவர் ஊரில் இல்லை. சொல்லாமல் போனதாக இருக்கக் கூடாதே என்றுதான் அழைத்தாள்.

“எந்த வரப்புல பிடிச்ச?” என்று கேட்டார் அவர்.

“கீழ வயல்ல அத்தான்.”

“அட, அங்கன வியாழக்கெழமதானே மருந்து அடிச்சேன்! கோழிக்கா பிடிச்ச? போட்ராத.”

பஸ் பழையகாயலை நெருங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஆர்ட்டீமியாத் தண்ணீர் லேசாக வாடை அடித்தது. அவளுக்கு மூக்கில் பட்டது. டெக்னீஷியன் பார்த்துவிட்டுச் சரி என்றான். ஹெல்பர் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள் என்று அவளும் வாயை மூடிக்கொண்டு தொட்டியில் ஊற்றினாள். மறுநாள் நான்கு லட்சம் குஞ்சு அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. அந்த டெக்னீஷியனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் இத்தனை வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அவள் யோசித்துக்கொண்டு உட்காரவில்லை. ஸஹ்லாவை அழைத்தாள்.

“தாயி, நான் தப்புப் பண்ணிட்டேன். அந்த வெட்டுக்கிளி மருந்து அடிச்ச வயல்ல உள்ளது. எனக்கு இப்பத்தான் தெரியும். மிச்சத்தக் குடுத்துராத. டாக்டருக்குப் போன் போடு. நான் எறங்கித் திரும்பி வாரேன்.”

“சரி” என்று மட்டும் சொல்லி ஸஹ்லா போனை வைத்தாள்.

பழையகாயலில் இறங்கி எதிர்ப்பக்கம் வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது ரஸ்க் கண்ணை மூடி, மரக்கட்டையில் முகத்தை வைத்துக் கிடந்தது. கால் இழுக்கிறதா, உடம்பு வெட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவும், வாயோரம் சொட்டுத் தண்ணீர் விடவும், நடுக்கம் கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வரவும் டாக்டர் சொல்லியிருந்தார். ஸஹ்லா பெட்டியைப் பார்த்தபடியே இருந்தாள். முத்துச்செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. முத்துச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் விடும் வேலையை மட்டும் செய்தாள். பொழுது சாயும் நேரத்தில் கிளம்பியவளை ருகையா வாசலில் மறித்தார்.

“மதியமும் நீ ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ.”

ஞாயிறும் திங்களும் ரஸ்க் அசையாமல் கிடந்தது. நடுக்கம் மட்டும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை முத்துச்செல்வி உள்ளே நுழையும்போது அது கட்டையின் உச்சியில் ஏறி, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. ஸஹ்லா சொன்னாள்: “மச்சான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. அந்த அக்கா பஸ்ஸ விட்டு எறங்கித் திரும்பி வந்தாங்களா, அப்போ அவங்களையே பாத்துக்கச் சொல்லுன்னாஹ.”

அந்த இரண்டு நாளும் முத்துச்செல்வியின் மனதில் ஒரே யோசனை ஓடியது. ஒரு பூச்சியில் மருந்து பட்டிருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து பட்டால் உடனே தானே செத்துவிழுகிற பூச்சி ஏதாவது இருந்தால், அது உயிரோடு இருப்பதே மருந்து படவில்லை என்பதற்கு அத்தாட்சி. அப்படி ஒன்று உண்டா என்று டாக்டரிடமே கேட்டாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பாவூர்சத்திரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற ஒரு பெண்ணின் நம்பரைக் கொடுத்தார்.

அவள் பெயர் அற்புதமணி. நீளமான கொட்டகைக்குள் மல்பெரி இலைமேல் புழுக்கள் மேயும் சத்தம் தூறல் மாதிரிக் கேட்டது. முத்துச்செல்வி விஷயத்தைச் சொன்னதும் அற்புதமணி வாய்விட்டுச் சிரித்தாள்.

“எல்லாரும் எங்கிட்ட பட்டுக்கூடுதான் கேப்பாவ. நீங்க ஓணானுக்குச் சோறு கேக்கிய!”

“இலைக்கு மருந்து அடிப்பியளா?”

“மருந்தா? பக்கத்து வயல்ல அடிச்சாலே காத்துல வந்து எம்புழு எல்லாம் சுருண்டுரும். அதுக்காவே சுத்தி வேலியா அகத்தி வச்சிருக்கேன். வெத்தில பொகையில போட்டவனக்கூட உள்ள விட மாட்டேன்.”

முத்துச்செல்வி ஒரு புழுவை எடுத்து நகத்துக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி நசுங்கியது. ஓடு என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு முறை தோல் உரித்த சின்னப் புழுவாகப் பொறுக்கி, இலையோடு செய்தித்தாளில் பொதிந்து வாங்கிக்கொண்டாள். அன்று முதல் வாரம் ஒரு பொட்டலம் பஸ்ஸில் வந்தது.

ரஸ்க் பட்டுப்புழுவை முதலில் வெறுமனே பார்த்தது. அது துள்ளவில்லை, ஓடவில்லை. ஸஹ்லா ஓர் இலைக்காம்பில் அதை ஏற்றி லேசாக ஆட்டிக் காட்டினாள். நாக்கு வந்தது, புழு போனது. அடுத்த புழுவுக்கு ஆட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

சுண்ணாம்புச்சத்துத் தூள் டப்பா வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். முத்துச்செல்வி மீன் மார்க்கெட்டில் கணவாய் மீனின் சுண்ணாம்பு ஓடு பொறுக்கி வந்தாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, உப்புப் போக மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்க வைத்து, காயவைத்து இடித்தாள். இடித்ததை ஆர்ட்டீமியா வடிக்கிற வலைத்துணியில் சலித்தபோது முகப்பவுடர் மாதிரி விழுந்தது. டப்பா வந்த பிறகும், வைட்டமின் கலந்த அந்தத் தூளை வாரம் ஒரு முறை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாளில் கணவாய்த் தூளே போதும் என்றார் டாக்டர்.

ஆனால் ஒரே தீனியில் ஒரு உயிரை வளர்க்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பொரிப்பகத்து மோட்டார் அறைக்குப் பின்னால் சுவர்க்கோழிகள் கத்தும். முப்பது உருப்படி பிடித்தாள். வெளியில் பிடித்ததை நம்ப முடியாது என்று அவற்றை ரஸ்க்குக்குக் கொடுக்கவில்லை. கடலில் பிடித்த தாய் இறாலை யாரும் குளத்தில் விடுவதில்லை, அது இடுகிற முட்டையில் வரும் குஞ்சைத்தான் விடுவார்கள். அதே கணக்குத்தான் இதற்கும். மகளின் காலி அறையில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, முட்டை அட்டைகளை அடுக்கி, ஈரமணல் தட்டு ஒன்றை உள்ளே வைத்தாள். பெட்டைகள் மணலில் வாலைக் குத்தி முட்டையிட்டன. தட்டைத் தனியாக எடுத்து மூடி வைத்தாள். பதினோராம் நாள் மணல்மேல் எறும்பைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில் துள்ளின. முருங்கைக்கீரையும் கேரட்டும் போட்டாள்.

செந்தில்முருகன் முதல் வாரம் பொறுத்துப் பார்த்தான்.

“ஏளா, துறைமுகத்துலகூட இவ்வளவு சத்தம் இல்ல. எப்ப நிறுத்தும் இது?”

“ஆம்பளப் பூச்சிதான் கத்தும். பொம்பளப் பூச்சிக்குச் சத்தமே கெடையாது.”

“அப்போ ஆம்பளைய எல்லாத்தையும் மொதல்ல ஓணானுக்கு அனுப்பு,” என்றான் அவன்.

குஞ்சுகள் வளர வளர, வெவ்வேறு கண் அளவுள்ள மூன்று வலைத்துணிகளில் அவற்றைச் சலித்துப் பிரித்தாள். ஸஹ்லா ரஸ்க்கின் கண்ணிடைவெளியை நூல் வைத்து அளந்து வாரா வாரம் அனுப்புவாள். அதற்கேற்ற சல்லடையில் நின்ற பூச்சிகள் டப்பாவில் போகும். தின்ன மீதியைப் பெட்டிக்குள் விடாமல் எடுத்துவிடச் சொல்லியிருந்தாள். பசித்தால் சுவர்க்கோழி ஓணானையே கடிக்கும். அந்த வேலையை எப்படியோ ருகையா எடுத்துக்கொண்டார். நீளமான இடுக்கி ஒன்று வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். ஒன்று கூடக் குறைந்தால், அது கிடைக்கிற வரை விட மாட்டார்.

ஐப்பசியில் ஹம்தான் விடுமுறையில் வந்தபோது ரஸ்க் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, தாடியைக் கறுப்பாக்கி மிரட்டுகிற பருவத்துக்கு வந்திருந்தது. தட்டில் பாதிக்கு மேல் கீரையாகிவிட்டது. ஹம்தான் முத்தையாபுரம் வரைக்கும் வந்து அந்த அறையைப் பார்த்தான். தொட்டி தொட்டியாக எழுதி ஒட்டியிருந்த தேதிகளைப் படித்துக்கொண்டே நின்றான். “நான் வாங்கினதோட சரி. வளத்தது நீங்கதாங்க்கா,” என்றான். அவள் டீ போட உள்ளே போய்விட்டாள்.

திருநெல்வேலி டாக்டர் இப்போது தன்னிடம் வருகிறவர்களுக்கு மருந்துச் சீட்டின் கீழே ஒரு வரி எழுதிக் கொடுக்கிறார்: ‘இரைப்பூச்சி – முத்துச்செல்வி, முத்தையாபுரம்’, பக்கத்தில் நம்பர். அந்தச் சீட்டை ஒருவர் போட்டோ எடுத்து அனுப்பியபோது அவள் அதைப் பெரிதாக்கி இரண்டு மூன்று முறை பார்த்தாள்.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒருவர் அழைத்தார். ஒரு மாதக் குட்டி வாங்கியிருக்கிறாராம், சின்னப் பூச்சி வேண்டும் என்றார். அவளிடம் அந்த அளவில் ஒன்றும் இல்லை.

“பெருசே அனுப்புங்க, நான் நறுக்கிக் குடுத்துக்கிடுதேன். இல்லன்னா மாவுப்புழு வாங்கிப் போடுதேன்.”

“வேண்டாம் சார். பாவூர்சத்திரத்துல அற்புதமணின்னு ஒருத்தி இருக்கா, நம்பர் தாரேன். சின்னப் பட்டுப்புழுவாக் கேட்டு வாங்கி ஒரு பத்து நாள ஓட்டுங்க. எங்கிட்ட முட்டத் தட்டு ஒண்ணு இருக்கு. இன்னும் ஒம்பது நாள்ல பொரியும். அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல போட்டு விடுதேன்.”

அவர் சரி என்றார். முத்துச்செல்வி மணல் தட்டை ஒரு விரலால் தொட்டு ஈரம் பார்த்தாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, மேலே கோவில்பட்டி என்று எழுதி ஒட்டினாள். பொரிப்பகத்தில் புதுச் சுற்று தொடங்கியிருந்தது. வேலைக்கு ஏற்றிப் போகும் வேன் வருகிற நேரம் ஆகிவிட்டதென்று சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.